விண்டோஸில் பாராமிகோ: பைத்தான் வழியாகப் பாதுகாப்பாகக் கோப்பு அனுப்புவது எப்படி?

"தினமும் இரவு பத்து மணிக்குள் அன்றைய கணக்குக் கோப்பை எங்கள் சர்வரில் போட்டுவிடுங்கள். எஸ்எஃப்டிபி மட்டும்தான், போர்ட் 22." வாடிக்கையாளரிடமிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல் வந்த பிறகுதான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். எஸ்எஃப்டிபி வழியாகக் கோப்பு அனுப்பப் பைத்தானில் சேர்த்துக்கொள்ளும் மாட்யூல்தான் பாராமிகோ. அதை நிறுவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அது ராத்திரியில் தானாக ஓடி, கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேர மூன்று நாள் ஆனது. மாட்யூல் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு பைத்தானில் நிறுவிவிட்டு வேறொரு பைத்தானில் ஓட்டினேன். என் பெயரில் சோதித்துவிட்டு வேறு பயனர் பெயரில் ஓடவிட்டேன். அதனால் இங்கே நிறுவும் கட்டளையைவிட, எதை எங்கே வைக்கிறோம், யார் பெயரில் ஓட்டுகிறோம் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

எஃப்டிபியா, எஸ்எஃப்டிபியா?

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "எஃப்டிபி" என்றே சொல்லிவிடுகிறார்கள். அதனால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கோப்பு அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே போகும், வழியில் யாரும் படிக்கலாம். எஃப்டிபிஎஸ் என்பது அதே எஃப்டிபிக்கு மேல் ஒரு மறையாக்கப் போர்வை போட்டது. எஸ்எஃப்டிபிக்கும் இந்த இரண்டுக்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை. இன்னொரு கணினிக்குள் மறையாக்கத்தோடு நுழையும் முறையான எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளே அது ஓடுவது. எஸ்எஸ்எச்சை 1995இல் ஃபின்லாந்தில் எழுதியவர் டாட்டு யிலோனன். போர்ட் என்பது சர்வரில் நுழையும் கதவின் எண். எஃப்டிபியின் 21க்கும், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் பழைய முறையான டெல்நெட்டின் 23க்கும் நடுவில் 22 காலியாக இருந்தது. அந்த இரண்டுக்கும் மாற்றாகத்தானே இதை எழுதினோம் என்று அந்த எண்ணையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆக, போர்ட் 22 என்றால் பெரும்பாலும் எஸ்எஃப்டிபி, 990 என்றால் எஃப்டிபிஎஸ். உங்களுக்கு வந்திருப்பது எஃப்டிபிஎஸ் என்றால் பைத்தானோடு வரும் எஃப்டிபிலிப்பிலிருந்து தொடங்குங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

எஸ்எஃப்டிபிக்குப் பைத்தானில் பாராமிகோ. எஸ்பெராந்தோ மொழியில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவன் என்ற பொருள் தரும் சொல்லையும் நண்பன் என்ற சொல்லையும் ஒட்டி வைத்த பெயர் அது. இணையத்தில் தேடினால் பைஎஸ்எஃப்டிபி என்ற இன்னொன்றும் கிடைக்கும். நான்கே வரியில் வேலை முடிவதுபோலத் தெரியும். அது பாராமிகோ மேல் போட்ட ஒரு மெல்லிய உறை, 2016க்குப் பிறகு பராமரிப்பு இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

பைத்தானுக்கு முன்னால், கையால் ஒருமுறை

பலர் தவிர்க்கும் படி இது. நேரடியாக நிரலில் இறங்கிவிட்டு, தவறு நிரலிலா, நெட்வொர்க்கிலா, பாஸ்வேர்டிலா என்று தெரியாமல் அல்லாடுவார்கள்.

முதலில் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பவர்ஷெல்லைத் திறந்து இப்படித் தட்டுங்கள்:

டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் சர்வர்பெயர் -போர்ட் 22

கடைசியில் டிசிபிடெஸ்ட்சக்சீடட் என்ற வரிக்கு எதிரே ட்ரூ என்று வந்தால் சரி. ஃபால்ஸ் என்று வந்தால் உங்கள் பக்கத்து ஃபயர்வாலோ, உங்கள் ஐபி முகவரியை அவர்கள் இன்னும் அனுமதிக்காததோ காரணமாக இருக்கும். எந்த மாட்யூலை நிறுவினாலும் அது தீராது. தொலைபேசியை எடுங்கள்.

கதவு திறந்திருந்தால் விண்டோஸிலேயே இருக்கும் எஸ்எஃப்டிபி கட்டளையால் உள்ளே போய்ப் பாருங்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து ஓபன்எஸ்எஸ்எச் கிளையன்ட் கூடவே வருகிறது. இல்லையென்றால் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

எஸ்எஃப்டிபி பயனர்பெயர்@சர்வர்பெயர்

முதல் தடவை ஒரு கேள்வி வரும். இந்த சர்வரை எனக்குத் தெரியாது, அதன் கைரேகை இது, தொடரலாமா என்று கேட்கும். எஸ்எச்ஏ256 என்று தொடங்கி நீளமாக ஒரு சரம் இருக்கும். யாராக இருந்தாலும் கை தானாக 'யெஸ்' தட்டப் போகும். கொஞ்சம் பொறுங்கள். சர்வர்காரர்களிடம் "உங்கள் ஹோஸ்ட் கீ கைரேகை என்ன?" என்று கேட்டு வாங்கி, அதை அந்த இடத்திலேயே ஒட்டி என்டர் அடிக்கலாம். பொருந்தினால்தான் உள்ளே விடும். கண்ணால் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டியதில்லை.

பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். உள்ளே போனதும் 'எல்எஸ்' போட்டுப் பாருங்கள், 'புட்' போட்டு ஒரு சின்னக் கோப்பை ஏற்றிப் பாருங்கள், 'பை' என்று வெளியே வாருங்கள். இப்போது உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் .எஸ்எஸ்எச் என்ற ஃபோல்டரில் நோன்_ஹோஸ்ட்ஸ் என்று ஒரு கோப்பு உருவாகியிருக்கும். சர்வரின் அடையாளம் அதில்தான் இருக்கிறது. பின்னால் தேவைப்படும்.

எந்தப் பைத்தான்?

புது விண்டோஸில் பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். அது பைத்தான் இல்லை, கடைக்கு வழிகாட்டும் பலகை. செட்டிங்ஸில் ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸ் பகுதியில் பைத்தான் பெயருள்ள இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

பைத்தானை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஆகப் புதிய பதிப்புக்கு ஒரு படி முந்தையதை எடுப்பது என் வழக்கம். பாராமிகோ தனியாக வருவதில்லை. கிரிப்டோகிராஃபி, பிகிரிப்ட், பைநாகிள், சிஎஃப்எஃப்ஐ என்று ஒரு கூட்டத்தையே அழைத்துவரும். இவற்றில் சி, ரஸ்ட் மொழிகளில் எழுதிய பகுதிகள் உண்டு. உங்கள் பதிப்புக்கு ஏற்கெனவே தொகுத்து வைத்த 'வீல்' இருந்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். புதுப் பதிப்புக்கு வீல் இன்னும் வராவிட்டால் உங்கள் கணினியிலேயே தொகுக்கப் பார்க்கும். அப்போதுதான் "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை" என்றோ ரஸ்ட் தேவை என்றோ சிவப்பாக ஒரு பக்கம் ஓடும். பலர் அதைப் பார்த்துவிட்டுப் பெரிய கம்பைலரை இறக்க உட்காருவார்கள். வேண்டாம், பைத்தான் பதிப்பைக் குறைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நிறுவும் திரையில் இரண்டு கவனம். கீழே பைத்தானைப் பாத்தில் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர் பட்டியல்) சேர்க்கும் பெட்டி இருக்கும், அதை டிக் செய்யுங்கள். அப்புறம், பெரிதாகத் தெரியும் 'இன்ஸ்டால் நவ்'வை அழுத்தாமல் 'கஸ்டமைஸ்' வழியாகப் போய் எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் தேர்வை எடுங்கள். சும்மா நிறுவினால் பைத்தான் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டாவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி வேலையை வேறொரு கணக்கில் ஓடவிட்டால், நிர்வாகி உரிமை இல்லாத கணக்கு உங்கள் வீட்டுக்குள் வந்து பைத்தானை எடுக்க முடியாது. எனக்குப் போன மூன்று நாளில் ஒரு நாள் இதற்கே போனது.

ஏற்கெனவே எத்தனை பைத்தான்கள் இருக்கின்றன என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்டில் பை -0பி என்று தட்டுங்கள். பை என்பது பி, ஒய் என்ற இரண்டெழுத்து. என் கணினியில் மூன்று இருந்தன. அதில் ஒன்று வேறு ஏதோ மென்பொருளோடு வந்தது, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

தனி அறை, பிறகு நிறுவுதல்

இந்த வேலைக்கென்று ஒரு ஃபோல்டர் வையுங்கள். பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். நான் டி டிரைவில் 'அனுப்பு' என்று ஆங்கில எழுத்தில் வைத்தேன். அதற்குள் ஒரு வென்வ்:

பை -எம் வென்வ் டி:\அனுப்பு\வென்வ்

வென்வ் என்றால் இந்த வேலைக்கு மட்டுமான தனிப் பைத்தான் அறை. வேறு எந்த நிரலுக்காக எதை மேம்படுத்தினாலும் இதற்குள் இருப்பது மாறாது. வழிகாட்டிகள் அடுத்து 'ஆக்டிவேட்' செய்யச் சொல்வார்கள். பவர்ஷெல்லில் அதைச் செய்தால் ஸ்கிரிப்டுகளை ஓட்ட அனுமதியில்லை என்று பல கணினிகளில் முட்டும். உடனே எக்ஸிக்யூஷன் பாலிசியை மாற்றக் கிளம்ப வேண்டாம். ஆக்டிவேட் செய்யாமலே, அறைக்குள் இருக்கும் பைத்தானை முழு முகவரியோடு கூப்பிட்டால் போதும்:

டி:\அனுப்பு\வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் பாராமிகோ

பிப் என்பது பைத்தானுக்கு மாட்யூல்களை இறக்கி நிறுவும் கருவி. கட்டளை நீளம்தான். ஆனால் எந்தப் பைத்தானுக்குள் போகிறது என்பதில் சந்தேகமே வராது. வெறுமனே பிப் இன்ஸ்டால் என்று தட்டினால் பாத்தில் முதலில் அகப்படும் பிப் எதுவோ அதன் பைத்தானுக்குள் போய்விடும். அப்புறம் "நிறுவிவிட்டேன், ஆனால் நோ மாட்யூல் நேம்ட் பாராமிகோ என்கிறதே" என்று புலம்ப வேண்டியதுதான்.

பாராமிகோவின் எழுத்துகளைச் சரிபார்த்துத் தட்டுங்கள்: பி, ஏ, ஆர், ஏ, எம், ஐ, கே, ஓ. புகழ்பெற்ற பெயர்களை ஓரெழுத்து மாற்றி, அதில் விஷமத்தை வைத்து ஏற்றுகிறவர்கள் உண்டு. முடிந்ததும் இதே நீள முகவரியோடு -எம் பிப் ஷோ பாராமிகோ என்று தட்டுங்கள். லொகேஷன் வரியில் உங்கள் வென்வ் ஃபோல்டர் தெரிய வேண்டும். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டால் நிறுவல் முடிந்தது.

அலுவலக நெட்வொர்க்கில் சான்றிதழ் சரியில்லை என்று பிப் அடம்பிடித்தால், ட்ரஸ்டட்-ஹோஸ்ட் போட்டு வாயை அடைக்கச் சொல்லும் பதில்கள் நிறையக் கிடைக்கும். அதற்கு முன் பிப்பைப் புதுப்பித்துப் பாருங்கள். 24.2 பதிப்பிலிருந்து, பைத்தான் 3.10 முதல், அது விண்டோஸின் சான்றிதழ்களையே பார்க்கிறது. இணையமே இல்லாத கணினி என்றால், அதே பைத்தான் பதிப்புள்ள வேறு விண்டோஸ் கணினியில் பிப் டவுன்லோட் பாராமிகோ என்று ஒரு ஃபோல்டரில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, --நோ-இண்டெக்ஸ், --ஃபைண்ட்-லிங்க்ஸ் என்ற இரண்டையும் சேர்த்து நிறுவலாம்.

சாவி

ராத்திரி வேலைக்குப் பாஸ்வேர்டை நிரலுக்குள் எழுதுவதைவிட, அதற்குப் பதிலாக அடையாளம் காட்டும் சாவிக் கோப்பு நல்லது. எஸ்எஸ்எச்-கீஜென் -டி இடி25519 என்று தட்டினால் இரண்டு கோப்புகள் வரும் (முதல் டி, டெஸ்ட் என்பதன் முதலெழுத்து; இடியில் வருவது டிரைவ் என்பதன் முதலெழுத்து). பப் என்று முடிவதை சர்வர்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். அந்த முடிவு இல்லாதது உங்கள் தனிச்சாவி, யாருக்கும் தரக் கூடாது. இதில் விண்டோஸ் ஒரு குழப்பம் செய்யும். மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் இருக்கும் கணினியில் பப் என்ற முடிவைப் பப்ளிஷர் ஆவணம் என்று நினைத்து முடிவை மறைத்துவிடும். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கும். நோட்பேடில் திறந்துபாருங்கள். ஒற்றை வரி என்றால் அனுப்பலாம். பிகின் ஓபன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ என்று தொடங்கினால் தொடவே வேண்டாம்.

புட்டி மென்பொருளில் உண்டாக்கிய பிபிகே சாவியைப் பாராமிகோ படிக்காது. புட்டிஜென்னில் கன்வர்ஷன்ஸ் மெனுவுக்குப் போய் ஓபன்எஸ்எஸ்எச் வடிவில் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். தனிச்சாவியை 'அனுப்பு' ஃபோல்டரில் வைத்தால், அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் தேவையற்ற பயனர்களை நீக்குங்கள். டி டிரைவில் சாதாரணமாக உருவாக்கும் ஃபோல்டரை அந்தக் கணினியில் நுழைகிற எவரும் படிக்கலாம்.

நிரலில் என்ன எழுதுவது

நிரலின் பெயர் பாராமிகோ.பிஒய் என்று மட்டும் இருக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், நிறையப் பேர் செய்கிறார்கள். இம்போர்ட் செய்யும்போது மாட்யூலுக்குப் பதில் தன்னையே இழுத்துக்கொண்டு சுற்றும்.

எஸ்எஸ்எச்கிளையன்ட் என்பதை உருவாக்குங்கள் (எஸ்எஸ்எச்சும் அடுத்த சியும் பெரிய எழுத்து). அதற்கு சர்வரின் அடையாளத்தைக் கொடுக்க வேண்டும். முதலில் சொன்ன நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பின் நகலை 'அனுப்பு' ஃபோல்டரில் வைத்து, லோட்_ஹோஸ்ட்_கீஸ் என்ற அழைப்பில் அதன் முழு முகவரியைக் கொடுங்கள்.

இங்கேதான் இணையத்து மாதிரி நிரல்கள் எல்லாம் வேறு வழியில் போகின்றன. ஆட்டோஆட்பாலிசி என்று ஒரு வரி இருக்கும். தெரியாத சர்வர் எதுவானாலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள் என்று அதற்கு அர்த்தம். அந்த வரியைப் போட்டதும் பிழை மறைந்துவிடுவதால் எல்லோரும் அதையே நகலெடுக்கிறார்கள். நடுவில் ஒருவன் அந்த சர்வர்போல வேஷம் போட்டு நின்றாலும் உங்கள் கணக்குக் கோப்பை அவன் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு வரும். பாராமிகோவின் இயல்பு தெரியாதவரை வாசலிலேயே நிறுத்துவது. பெயரிலேயே இருக்கும் சந்தேகத்தைப் பிடுங்கிவிட்டுப் பாதுகாப்பான முறை என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

அடுத்து கனெக்ட். சர்வர் பெயர், பயனர் பெயர், கீ_ஃபைல்நேமில் சாவியின் முகவரி, டைம்அவுட் 30. கூடவே லுக்_ஃபார்_கீஸ், அலௌ_ஏஜென்ட் இரண்டையும் ஃபால்ஸ் என்று வையுங்கள் (எஃப் பெரிய எழுத்து). இல்லையென்றால் உங்கள் கணினியில் இருக்கும் மற்ற சாவிகளையும் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்கும். சில சர்வர்கள் இத்தனை முறை தவறா என்று கதவைச் சாத்திவிடும்.

பிறகு ஓபன்_எஸ்எஃப்டிபி, அதன் மேல் புட். புட்டில் முதலில் உங்கள் கோப்பு, அடுத்து அங்கே போய்ச் சேர வேண்டிய முகவரி. இரண்டாவதில் ஃபோல்டர் பெயர் மட்டும் போதாது, கோப்பின் பெயரும் வேண்டும். அதை மறந்தால் 'ஃபெயிலியர்' என்று மொட்டையாக ஒரு பிழை வரும், காரணம் சொல்லாது.

விண்டோஸ் முகவரியை எழுதும்போது பின்சாய்கோட்டில் கவனம். சி:\யூசர்ஸ் என்று சாதாரண மேற்கோளுக்குள் எழுதினால் யூனிகோட்எஸ்கேப் என்று ஒரு பிழையோடு நிரல் தொடங்கவே தொடங்காது. பின்சாய்கோட்டை அடுத்து வரும் பெரிய யூ எழுத்துக்குப் பைத்தானில் வேறு பொருள். அதைவிட மோசம் டெம்ப், நியூ போன்ற பெயர்கள். பின்சாய்கோட்டை அடுத்து வரும் டெம்ப்பின் முதலெழுத்து டேப் ஆகும், நியூவின் முதலெழுத்து புதுவரி ஆகும். மேற்கோளுக்கு முன் ஆர் எழுத்தைப் போடுங்கள், அல்லது முன்சாய்கோட்டையே பயன்படுத்துங்கள். விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும்.

பாதி ஏறிய கோப்பை அந்தப் பக்கத்து நிரல் எடுத்துவிடாமல் இருக்க, முதலில் .பார்ட் என்று முடியும் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்ததும் ரீநேம் செய்வது நல்ல பழக்கம். இன்னொன்று: ஏற்றி முடித்ததும் புட் அங்கே போய்க் கோப்பின் அளவைச் சரிபார்க்கும். கோப்பு விழுந்த நொடியே வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லும் சர்வர்களில் அப்போது கோப்பு அங்கே இருக்காது. ஒழுங்காகப் போன கோப்புக்குக் 'காணவில்லை' என்று பிழை வரும். அப்படிப்பட்ட சர்வர் என்று தெரிந்தால் மட்டும் கன்ஃபர்மை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

பிழை எண்கள் சில கண்ணுக்குப் பழகட்டும். 11001 என்றால் சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். 10060 என்றால் பதிலே இல்லை, ஃபயர்வாலைப் பாருங்கள். 10061 என்றால் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் ஆள் இல்லை.

ராத்திரி ஓட்டம்

குறித்த நேரத்தில் நிரலை ஓட்டுவது விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர். அதில் புரோகிராம் என்ற இடத்தில் வென்வுக்குள் இருக்கும் பைத்தான்.இஎக்ஸ்இயின் முழு முகவரி. ஆர்க்யூமெண்ட்ஸில் நிரலின் முழு முகவரி. ஸ்டார்ட் இன் என்ற கட்டத்தில் 'அனுப்பு' ஃபோல்டர், மேற்கோள்குறி இல்லாமல். அதை வெறுமனே விட்டால் நிரல் சிஸ்டம்32இல் நின்றுகொண்டு உங்கள் கோப்பைத் தேடும்.

பகலில் நன்றாக ஓடிய என் நிரல் இரவில் "சர்வர் நோன்_ஹோஸ்ட்ஸில் இல்லை" என்றது. அப்போது நான் லோட்_சிஸ்டம்_ஹோஸ்ட்_கீஸ் என்ற சுலப வழியைப் பயன்படுத்தியிருந்தேன். முகவரி கொடுக்காவிட்டால் ஓட்டுகிற பயனரின் ஃபோல்டரில் அது தேடும், கோப்பு இல்லாவிட்டால் வாய் திறக்காது. இரவில் ஓட்டியது சிஸ்டம் என்ற விண்டோஸின் உள்கணக்கு. அதன் வீட்டில் அந்தக் கோப்பு எப்படி இருக்கும்? முழு முகவரி கொடுக்கச் சொன்னது இதனால்தான். இசட் டிரைவ் என்று நீங்கள் இணைத்து வைத்திருக்கும் நெட்வொர்க் ஃபோல்டரும் அந்தக் கணக்குக்குத் தெரியாது. இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுத்து, அந்த ஃபோல்டரைப் படிக்கும் அனுமதியுள்ள கணக்கில் ஓட்டுங்கள்.

லாஸ்ட் ரன் ரிசல்ட்டில் 0x0 என்று இருந்தால் நிரல் பிழையில்லாமல் முடிந்தது. 0x1 என்றால் நடுவில் விழுந்திருக்கிறது. அதற்காகவே நடந்ததையெல்லாம் ஒரு பதிவுக் கோப்பில் எழுதவைத்தேன். சில வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் 0x1. சர்வரில் பார்த்தால் கோப்பு முழுதாக ஏறியிருக்கிறது, ஆனால் .பார்ட் பெயரிலேயே நிற்கிறது. அன்றைக்கு யாரோ கோப்புக்கு 'அக்டோபர் கூலி' என்று தமிழில் பெயர் வைத்திருந்தார்கள். எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 முறையில் பாராமிகோ பெயர்களை அனுப்புவதால் அது சர்வருக்கு ஒழுங்காகப் போய்விட்டது. ஏற்றியதற்கும் ரீநேமுக்கும் நடுவில் பதிவுக் கோப்பில் அந்தப் பெயரை எழுதும் வரியில் 'சார்மேப்' பிழை வந்து நிரல் நின்றுவிட்டது. விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால் பைத்தான் கணினியின் பழைய எழுத்துத் தொகுப்பையே எடுத்துக்கொண்டது, அதில் தமிழ் இல்லை. ஓபனில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேர்த்தேன். டாஸ்க்கின் ஆர்க்யூமெண்ட்ஸில் நிரலின் பெயருக்கு முன்னால் -எக்ஸ் யூடிஎஃப்8 என்றும் போட்டுவைத்தேன் (எக்ஸ் பெரிய எழுத்து). மறுநாள் 0x0, பதிவில் 'அக்டோபர் கூலி' தமிழிலேயே இருந்தது.